ஈறில் ரத்தமா? பேஸ்ட்டை மாற்றிப் பயனில்லை

ஈறில் ரத்தம் கண்டதும் முதலில் மாறுவது பேஸ்ட். பிறகு பிரஷ். பிறகு கல்லுப்பு, கிராம்புத் தைலம், நல்லெண்ணெய். இரண்டு வேளையும் ஒழுங்காகத் துலக்குகிறவர்கள்தான் இந்தச் சுற்றில் அதிகம் மாட்டுகிறார்கள். 'நான்தான் நல்லா துலக்குறேனே' என்ற நம்பிக்கை வேறு காரணத்தைத் தேடவே விடுவதில்லை. அழுத்தித் தேய்க்கக் கூடாது, மென்மையான பிரஷ் வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிட்டு வழக்கமாக நடக்கும் மற்ற தவறுகளைப் பார்ப்போம்.

'க்ளீனிங் பண்ணினா பல் ஆடிடும்' என்று தள்ளிப்போடுவது

இந்த ஒரு பேச்சால் விழுந்த பற்கள் கொஞ்சநஞ்சமல்ல. பல்லில் படியும் மென்படலம் எச்சிலில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஓரிரு நாளிலேயே கெட்டியாகத் தொடங்கும். காரையாகிவிட்டால் எந்தப் பிரஷ்ஷும் அதைப் பெயர்க்காது. கீழ் முன்பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். எச்சில் சுரப்பிக் குழாய் அருகிலேயே திறப்பதால் காரை அதிகம் சேரும் இடம் அது. பற்கள் தனித்தனியாகத் தட்டுப்படாமல் ஒரே சுவராகச் சொரசொரத்தால் அது காரைதான்.

வெளியே தெரிவதைவிட ஈறுக்குள் இறங்கியதுதான் வினை. நல்ல ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே 1 முதல் 3 மி.மீ. ஆழம் இருக்கும். அது 5, 6 என்று போனால் பிரஷ்ஷின் நார் எட்டாது. உள்ளே எலும்பு வலியே இல்லாமல் கரையும்.

க்ளீனிங்குக்குப் பயன்படும் ஸ்கேலிங் கருவி பல்லைச் சுரண்டுவதில்லை. அதிர்ந்து காரையை உடைக்கும், தண்ணீர் அதைக் கழுவிவிடும். எலும்பு ஏற்கெனவே கரைந்த பற்களைக் காரைதான் சிமெண்டு பூசியதுபோல ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும். அது போனதும் ஆட்டம் தெரிகிறது. வீக்கம் வடிந்ததும் இடைவெளி தெரிகிறது. பழி மட்டும் கருவி மேல்! பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று ஐந்து வருடம் தள்ளிப்போட்டவர், கீழ்ப்பற்கள் நான்கும் விரல் பட்டால் அசையும் நிலையில் வந்து உட்காருவார். அன்றே வந்திருந்தால் அரைமணி நேர வேலை. கரைந்த எலும்பு தானாக வளராது.

சுத்தம் செய்தபின் சில நாள் கூச்சம் இருக்கும். ஆழமான இடங்களுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வார்கள். சில வாரம் கழித்து ஆழத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவது

அழுக்கு இருப்பதே அங்கேதான். பல் இடுக்கில் தினமும் ஃப்ளாஸ் (இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூல்) போட்டால் ஓரிரு வாரத்தில் ரத்தம் குறைய வேண்டும். ஒரே பல்லில் மட்டும் நிற்கவில்லையா? அந்தப் பல்லுக்கு உறை (கேப்) போட்டிருந்தால் அதன் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மவுத்வாஷை மாதக்கணக்கில் ஓட்டுவது

ஈறுக்கு எழுதித்தரும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் இரண்டு வாரத்துக்கான மருந்து. நீண்டால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்குச் சுவை கெடும். காரையை அது தொடாது.

மாத்திரைச் சீட்டைக் காட்டாதது

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிடோயின், மாற்றுச் சிறுநீரகத்துக்கு சைக்ளோஸ்போரின்: மூன்றுமே சிலருக்கு ஈறைப் பருக்கவைக்கும். பற்களுக்கு நடுவே ஈறு உருண்டு புடைத்திருந்தால் இதைச் சந்தேகியுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருந்து எழுதியவரிடம் மாற்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் வேறு கதை: கசியும் ரத்தம் நிற்கத் தாமதமாகும், ஆனால் ஈறு வீங்குவதற்கு அவை காரணமல்ல.

சர்க்கரையைப் பார்க்காதது

ரத்தச் சர்க்கரை கட்டுப்படாவிட்டாலும் ஈறு கெடும். காலை வெறும் வயிற்று அளவு போதாது. மூன்று மாதச் சராசரியையும் பாருங்கள்.

கர்ப்பம் என்று பல் மருத்துவரைத் தவிர்ப்பது

இரண்டாம் மாதத்திலிருந்தே ஹார்மோனால் ஈறு வீங்கலாம். சுத்தம் செய்துகொள்ளலாம், 4 முதல் 6 மாதம் வரை வசதியான காலம்.

'ரத்தம் வரலை, அப்போ ஈறு நல்லா இருக்கு'

சிகரெட் பிடிப்பவருக்குச் செல்லாது. புகை ரத்தக் கசிவை மறைக்கும்.

காய்ச்சலோடு ஈறில் ரத்தம் வந்தும் பல் டாக்டருக்குக் காத்திருப்பது

வேண்டாம். டெங்குவாக இருக்கலாம். சோர்வு, காரணமில்லாத கன்றல், வெளிறிய முகம் என்றால் ரத்தப் புற்றாகவும் இருக்கலாம். அன்றைக்கே பொது மருத்துவரிடம் போய், தட்டணுக்கள் உட்பட ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையைப் பாருங்கள்.