ஒற்றைத் தலைவலியா? வேளை தவறாமல் சாப்பிட்டே எடை குறையுங்கள்

ஒற்றைத் தலைவலி இருப்பவர்கள் எடை குறைக்க நினைத்தால் காலைச் சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். இடைப்பலகாரத்தைக் குறையுங்கள். நாலு மணிக்கு வரும் கந்தரப்பம், சீயம், வெள்ளைப் பணியாரம் எல்லாமே எண்ணெயில் முங்கி எழுந்தவை. அதை ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, காலையில் இட்லியோ இடியாப்பமோ நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்தத் தலைவலி அடிக்கடி வரும் வாய்ப்பு அதிகம். எடை இறங்கினால் பலருக்கு வலி வரும் நாட்கள் குறைகின்றன. ஆனால் பட்டினி கிடந்தால் அந்தப் பசியே வலியைக் கிளப்பிவிடும். காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடுகளில் பந்தி எப்படியும் தாமதமாகும், வீட்டிலேயே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. அப்புறம், காபியை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். அதுவே இரண்டு நாள் மண்டையை இடிக்கும். டம்ளரைச் சின்னதாக்குங்கள், போதும்.

ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்களுக்கு எடை குறைப்பு பொருந்தாது. கர்ப்பிணிகளும் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று இடி விழுந்தாற்போல் வலித்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் மரத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.