மவுஸ் தானாக டபுள் கிளிக் ஆகிறதா? தூக்கிப் போடும் முன் திறந்து பாருங்கள்

ஒரு தடவை கிளிக் செய்தால் இரண்டு தடவை ஆகிறது, ஃபைலை இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் நழுவி விழுந்துவிடுகிறது, ஸ்க்ரோல் வீலைக் கீழே உருட்டினால் பக்கம் மேலே குதிக்கிறது. இதில் ஏதாவது ஒன்று தொடங்கியதுமே பலர் புது மவுஸ் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு அது நிஜமாகவே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் நான் திறந்து பார்த்த மவுஸ்களில் பெரும்பாலானவற்றில் சென்சாரும் கெடவில்லை, போர்டும் கெடவில்லை. கொஞ்சம் முடி, கொஞ்சம் தூசி, இல்லாவிட்டால் விரல் நகத்தளவு சுவிட்சுக்குள் சோர்ந்துபோன ஒரு தகடு. அவ்வளவுதான்.

முதலில் கோளாறு மவுஸில்தானா என்று பாருங்கள். வேறு யூஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள், முடிந்தால் வேறு கம்ப்யூட்டரிலும். வயர்லெஸ் மவுஸ் விட்டு விட்டு வேலை செய்தால் பேட்டரியை மாற்றுங்கள், அப்புறம் ரிசீவர் எங்கே செருகியிருக்கிறது என்று கவனியுங்கள். யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் ஓடும்போது கிளம்புகிற மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் போய்க் கெடுக்கும், வயர்லெஸ் மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றைப் போட்டு ரிசீவரை மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாலே பல சமயம் சரியாகிவிடும், ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே வேண்டாம்.

கிளிக் தொல்லைக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. செட்டிங்ஸில் மவுஸ் பகுதிக்குப் போய் முதன்மை பட்டனை வலதுக்கு மாற்றுங்கள். இப்போது வலது பட்டனை அழுத்தியபடி ஒரு ஃபைலை திரை முழுக்க நாலு சுற்று இழுங்கள். நழுவாமல் வந்தால் இடது பட்டன் சுவிட்ச்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். வலதிலும் நழுவினால் கேபிள் மேல் சந்தேகம் வைக்கலாம். அவசர வேலை கையில் இருந்தால் ரிப்பேர் செய்யும் வரை இப்படியே ஓட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

கர்சர் துள்ளுகிறது, நடுங்குகிறது என்றால் மவுஸை கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் அந்தக் குழிக்குள் இருப்பது ஒரு குட்டி கேமரா. மேசைப் பரப்பை வினாடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடித்து, ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் உங்கள் கை எந்தப் பக்கம் போனது என்று அது கணக்குப் போடுகிறது. அங்கே ஒரு முடி விழுந்துவிட்டால் எல்லாப் படத்திலும் அது அசையாமல் நிற்கும், கணக்கு குழம்பும். ஒரு முறை நான் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து, மறுபடி போட்டு, அரை மணி நேரம் அல்லாடிவிட்டுக் கடைசியில் அந்தக் குழியிலிருந்து எடுத்தது ஓர் இமை முடி. நேராகப் பார்த்தால் தெரியாது, விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால்தான் மின்னும். காய்ந்த காட்டன் பட்ஸால் மெதுவாக ஒற்றி எடுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் துளி லென்ஸில் காய்ந்தால் இன்னொரு வேலை. கண்ணாடி மேசையோ பளபளப்பான மேசையோ என்றால் கீழே ஒரு வெள்ளைத் தாள் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் மவுஸைக் குறை சொல்லுங்கள்.

துடைப்பதற்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால் நல்லது, 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சீக்கிரம் காயும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், அதில் அசிட்டோன் இருந்தால் மவுஸின் பிளாஸ்டிக்கை அப்படியே கரைத்துவிடும். ஜெல் சானிட்டைசரும் வேண்டாம், பிசுபிசுப்பை விட்டுவிட்டுப் போகும்.

இனி திறப்பது. மேலே எங்கேயும் ஸ்க்ரூ தெரியாது, ஏனென்றால் அது அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளுக்குக் கீழேயோ மாடல் நம்பர் ஸ்டிக்கருக்குக் கீழேயோ ஒளிந்திருக்கும். ஸ்டிக்கர் மேல் நகத்தை அழுத்தி நகர்த்தினால் ஓர் இடத்தில் பள்ளம் விழும், அங்கேதான். பட்டையைப் பிய்க்கும் முன் ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டுங்கள், பசை இளகி மடியாமல் வரும். கழற்றிய பட்டையைப் பசைப்பக்கம் மேலே இருக்கும்படி தூசி படாமல் வையுங்கள், திரும்ப ஒட்டத் தேவைப்படும். சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். ஸ்க்ரூ எல்லாம் வந்த பிறகும் மேல்மூடி வராவிட்டால் முன்பக்கம் கொக்கி மாட்டியிருக்கும், பின்பக்கத்திலிருந்து தூக்கி முன்னால் தள்ளுங்கள். வெடுக்கென்று பிடுங்காதீர்கள், சில மவுஸில் மேல்மூடியையும் கீழ்ப் போர்டையும் மெல்லிய ரிப்பன் கேபிள் ஒன்று இணைத்திருக்கும், அது கிழிந்தால் உண்மையிலேயே கதை முடிந்தது. சார்ஜ் ஏறும் மவுஸ் என்றால் உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கும், அதன் கனெக்டரை முதலில் கழற்றிவிடுங்கள், கூர்மையான எதையும் அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் மூடும்போது யோசிக்க வேண்டியிருக்காது.

திறந்ததும் முதலில் கண்ணில் படுவது வீலின் அச்சில் சுற்றியிருக்கும் முடியும் நூலும்தான். வீலைத் தூக்கி எடுத்து ட்வீசரால் உருவுங்கள். வீல் எந்த வகை என்று இப்போது பார்த்துக்கொள்ளலாம். வீலில் பல்பல்லாக ஓட்டைகள் இருந்து, ஒரு பக்கம் எல்இடியும் மறுபக்கம் சென்சாரும் இருந்தால் அது ஒளியால் எண்ணுவது, இரண்டையும் துடைத்தால் வேலை முடிந்தது. அறுகோண அச்சு ஒரு சின்ன பெட்டிக்குள் நுழைந்திருந்தால் அது வீலின் சுற்றை எண்ணும் மெக்கானிக்கல் என்கோடர், ஸ்க்ரோல் முன்னும் பின்னும் குதிப்பதற்கு வழக்கமாக அதுதான் காரணம். அந்த ஓட்டைக்குள் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, வீலை மாட்டி, இரண்டு பக்கமும் நூறு தடவையாவது உருட்டுங்கள். பிறகும் குதித்தால் என்கோடரையே மாற்ற வேண்டும், வாங்கும்போது பழையதன் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். 9 இருந்த இடத்தில் 11 போட்டால் வீல் மூடியில் இடிக்கும்.

சரி, டபுள் கிளிக்குக்கு வருவோம். பட்டனுக்கு நேர் கீழே போர்டில் நிற்கும் சின்னப் பெட்டிதான் மைக்ரோ சுவிட்ச். உள்ளே செம்பு நிறத்தில் வில்போல வளைந்த ஒரு தகடு இருக்கிறது. நீங்கள் அழுத்தும்போது அது டக்கென்று புரண்டு கீழே உள்ள முனையைத் தொடுகிறது, அந்த டக்தான் நம் காதில் விழும் கிளிக். எந்தச் சுவிட்சும் தொட்டவுடன் ஒரே தொடலில் நிற்காது, சில மில்லிவினாடி துள்ளிவிட்டுத்தான் நிற்கும், அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் விட மவுஸுக்குத் தெரியும். வருடக்கணக்கில் அழுத்தி அழுத்தித் தகட்டின் விறைப்பு குறைந்தோ, முனையில் கறை படிந்தோ போனால் துள்ளல் நீண்டுவிடுகிறது, மவுஸ் அதை இரண்டாவது கிளிக் என்று நம்பிவிடுகிறது.

எளிய வழியை முதலில் செய்யுங்கள். சுவிட்சின் தலையில் உள்ள குட்டி பட்டனின் ஓரத்தில் ஒரு சொட்டு ஆல்கஹாலோ கான்டாக்ட் கிளீனரோ விட்டு, வேகமாக ஐம்பது அறுபது தடவை அழுத்திவிட்டு, ஒரு மணி நேரம் காயவிடுங்கள். கறை மட்டும்தான் என்றால் இதிலேயே போய்விடும், ஆனால் சில வாரத்தில் திரும்பி வந்தால் தகடு தளர்ந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அதற்குச் சுவிட்சைத் திறக்கலாம். மூடியின் இரு பக்கமும் சின்ன கொக்கி இருக்கும், பிளேடு நுனியால் ஒரு பக்கத்தை நெம்பி, அப்புறம் மறுபக்கம். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள், ஏனென்றால் மூடி வரும்போது அந்தக் குட்டி பட்டன் அரிசி மணியைவிடச் சின்னதாக எங்காவது தெறித்துப் போகும். தகட்டை ட்வீசரால் எடுத்து, நடுவில் வளைந்திருக்கும் நாக்கை மட்டும் இன்னும் கொஞ்சம், மிகக் கொஞ்சம், வளையுங்கள். தகடு போய்த் தொடும் முனைகளை ஆல்கஹால் தொட்ட காகிதத்தால் தேயுங்கள், உப்புத்தாள் வேண்டாம். திரும்ப மாட்டுவதுதான் கஷ்டம்: தகட்டின் ஒரு முனை கொக்கியில், நாக்கு நடுத் தூணின் பள்ளத்தில், மறு முனை இரண்டு கான்டாக்ட்களுக்கும் இடையில் உட்கார வேண்டும். எனக்கு முதல் தடவை இருபது முயற்சி ஆனது, இப்போது மூன்று நான்கில் உட்காரும். உட்கார்ந்ததும் ஊசியால் தகட்டைத் தொட்டால் டக்கென்று சத்தம் வரும், வராவிட்டால் மூடியைப் போடாதீர்கள்.

சோல்டரிங் தெரிந்தவர்கள் சுவிட்சையே மாற்றிவிடுவது மேல், என் யோசனையும் அதுதான். ஓம்ரான் நிறுவனத்தின் டி2எஃப் சுவிட்ச் அளவு, அதாவது சுமார் 12.8க்கு 5.8 மில்லிமீட்டர் உடம்பு, பெரும்பாலான மவுஸில் பொதுவானது, கைல், ஹுவானோ சுவிட்சுகளும் அதே மூன்று துளையில் உட்காரும். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் விட்டுச் சூடாக்கினால் மூன்று காலும் சீக்கிரம் இளகும், இளகாமல் இழுத்தால் போர்டிலுள்ள செம்புத் தடம் பெயர்ந்து வந்துவிடும். புதியதை வைக்கும்போது திசையைப் பாருங்கள், குட்டி பட்டன் நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாகத்தான் இருக்கும், திருப்பி வைத்தால் மேல்மூடியின் கால் அதைத் தொடாது.

கேபிளை வளைத்துப் பிடித்தால்தான் மவுஸ் உயிர் பெறுகிறது என்றால் உடம்பிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒயர் உள்ளே அறுந்திருக்கும். மல்டிமீட்டரில் ஒவ்வொரு ஒயராகப் பீப் வைத்துப் பாருங்கள். அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் வெட்டி, அதே நிறத்தோடு அதே நிறம் சேர்த்துப் பற்றவைத்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக உறை போடுங்கள்.

மூடுவதற்கு முன் மேல்மூடியைச் சும்மா வைத்து, ஸ்க்ரூ போடாமல் கம்ப்யூட்டரில் செருகி, முதன்மை பட்டனை இடதுக்கே திருப்பிவிட்டு, அந்த இழுக்கும் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். நழுவாமல் நாலு சுற்று வந்தால் ஸ்க்ரூவை முடுக்கலாம். வழுக்குப் பட்டைகளைக் கடைசியில் ஒட்டுங்கள், பசை காய்ந்திருந்தால் மெல்லிய இருபக்க டேப் போதும். தடித்த டேப் போட்டால் சென்சார் மேசையைவிட்டு உயர்ந்து கர்சர் மறுபடி தடுமாறும்.