புதிய நீச்சல் தடாகத்தின் பூச்சைக் கொழும்புத் தண்ணீர் அரிக்காமல் காப்பது எப்படி?

தெஹிவளையில் அக்கா வீட்டுப் பின்முற்றத்தில் சிறிய நீச்சல் தடாகம் ஒன்று கட்டினோம். நீர் நிரப்பிய நான்காம் நாள் காலை பிரஷால் அடித்தளத்தில் ஓர் இழுப்பு இழுத்தேன். அரிசி மாவைக் கரைத்துவிட்டதுபோல வெள்ளையாக எழும்பி வந்தது. பூச்சு வேலை செய்த மேசன் மீதுதான் முதலில் சந்தேகம் வந்தது. அவர் வேலையில் குறையே இல்லை. நிரப்பிய தண்ணீரில் போதிய சுண்ணாம்புச் சத்து, அதாவது கல்சியம், இல்லை, அதை நான் சோதிக்கவும் இல்லை.

வெள்ளைச் சீமெந்தும் பளிங்குத் தூளும் கலந்த பூச்சு, தண்ணீருக்கடியில் இறுகிக்கொள்ள ஏறத்தாழ 28 நாட்கள் எடுக்கும். அந்த நாட்களில் சீமெந்திலிருந்து கல்சியம் ஐதரொட்சைட்டு மேற்பரப்புக்கு வரும். தண்ணீரில் ஏற்கெனவே போதிய கல்சியமும் காரத்தன்மையும் (அமிலத்தைத் தாங்கும் திறன்) இருந்தால் அது பூச்சோடு நின்றுவிடும். இல்லாவிட்டால் கரைந்து வெளியேறும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கேத்தல் கொழும்பில் பல மாதம் பளிச்சென்று கிடக்கும். களனி கங்கையில் எடுத்து அம்பத்தளையில் சுத்திகரிக்கும் நீர் அப்படிப்பட்ட மென்னீர். சோறு சமைக்கவும் துணி துவைக்கவும் அருமையானது, புதுப் பூச்சுக்குக் கெடுதலானது.

நிரப்பத் தொடங்கினால் நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்திய மட்டத்தில் கோடு விழுந்து நிலைத்துவிடும். குழாயின் அழுத்தம் குறைவென்றால் பவுசரை முன்னரே ஒழுங்கு செய்யுங்கள். குழாய் முனையில் பழந்துணி கட்டி ஆழமான பக்கத்தில் வையுங்கள்.

நிரம்பியதும் சோதனை. நீரைச் சொட்டுச் சொட்டாகச் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டியையே வாங்குங்கள். காகிதப் பட்டைகள் பல, கல்சியத்தோடு மக்னீசியத்தையும் சேர்த்த மொத்த வன்மையைத்தான் காட்டும். நமக்கு வேண்டியது கல்சிய வன்மை மட்டும். பெட்டியிலுள்ள நிறங்காட்டியைச் சேர்த்ததும் இளஞ்சிவப்பாகும் நீரில் சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் சுழற்றுங்கள். முதலில் ஊதா நிறம் தலைகாட்டும். அங்கே நிறுத்திவிடாமல், தெளிவான நீலம் வரும்வரை சொட்டுகளை எண்ணுங்கள்.

எங்கள் தண்ணீரில் கல்சிய வன்மை 25, காரத்தன்மை 25 (இரண்டும் லீற்றருக்கு மில்லிகிராமில்), அமில கார அளவான பிஎச் 7.0, வெப்பநிலை 29 பாகை. நீர் சுண்ணாம்பைக் கரைக்குமா (மறை எண்), படியவிடுமா (நேர் எண்) என்று காட்டும், 1936இல் லாங்கெலியர் வகுத்த செறிவுக் குறியீட்டில் இவற்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். பிஎச்சோடு, அதற்கான அட்டவணைப்படி வெப்பநிலைக்கு 0.7, கல்சியத்துக்கு 1.0, காரத்தன்மைக்கு 1.4 கூட்டி, 12.1ஐக் கழித்தால் மறை 2.0 வருகிறது. மறை 0.3க்கும் நேர் 0.3க்கும் இடையில் இருக்கவேண்டிய எண் இது. கல்சியத்தை 250க்கும் (2.0) காரத்தன்மையை 100க்கும் (2.0) உயர்த்தி, பிஎச்சை 7.4இல் வைத்தால் சரியாகப் பூச்சியம்.

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். புதுப் பூச்சினால் பிஎச் தினமும் 8ஐத் தாண்டியது. நான் தினமும் அமிலம் ஊற்றி அதை மட்டும் இறக்கிக்கொண்டிருந்தேன். கல்சியமே இல்லாத நீரில் அமிலமும் சேர்ந்தால் பூச்சு இன்னும் வேகமாகக் கரையும். நான் படித்த வழிகாட்டிகள் கல்சியத்தைக் கடைசிக்கு வைத்திருந்தன. கொழும்பில் அதுதான் முதல் வேலை.

எட்டு மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், சராசரி 1.25 மீற்றர் ஆழம் என்றால் 40,000 லீற்றர். அதில் கல்சியத்தை 25இலிருந்து 250க்கு உயர்த்த, செதில்களாக வரும் கல்சியம் குளோரைட்டு ஏறத்தாழ 13 கிலோ வேண்டும். முதலில் வாளியில் தண்ணீர், பிறகுதான் செதில். ஒரு வாளிக்கு ஒரு கிலோ போதும். கரையும்போது வாளியின் பக்கம் கைபொறுக்காத அளவுக்குச் சுடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பம்பை ஓடவிட்டு மூன்று நான்கு கிலோவாகப் பிரித்து ஊற்றுங்கள், நீர் தெளிந்த பிறகு அடுத்த தவணை.

காரத்தன்மைக்கு அப்பச்சோடா, இதே அளவு நீருக்கு ஐந்து கிலோ. கல்சியம் போட்ட அன்றே இதைப் போடாதீர்கள். நீர் பால்போலக் கலங்கிவிடும். பிஎச் 8ஐத் தாண்டியிருந்தால் முதலில் அதை இறக்குங்கள். ஐதரோகுளோரிக் அமிலத்தை எப்போதும் ஒரு வாளி தண்ணீருக்குள் ஊற்றி, நீர்த்த பிறகே தடாகத்தில் சேர்க்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் நைலோன் பிரஷால் சுவரையும் அடியையும் தேயுங்கள். கம்பிப் பிரஷ் வேண்டவே வேண்டாம். குளோரீனை நான்காம் நாள் தொடங்கலாம். எனக்குப் பிடித்தது கல்சியம் ஐப்போகுளோரைட்டு. கிருமியையும் கொல்லும், கல்சியத்தையும் சேர்க்கும். வாளியில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். மெதுவாகக் கரையும் குளோரீன் வில்லைகள் கடும் அமிலத்தன்மை உடையவை, முதல் மாதம் அவற்றைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒருபோதும் சேர்க்காதீர்கள், வெடிக்கும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் அப்பச்சோடாவுக்குப் பதில் சலவைச் சோடாவைப் போட்டுவிட்டு, பிஎச் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தார். அது காரத்தன்மையோடு பிஎச்சையும் தூக்கிவிடும். பொதியில் பைகார்பனேட் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொருவர் ஐப்பசி மழையைப் பற்றிக் கேட்டிருந்தார். மழைநீரில் கல்சியம் இல்லை என்றே சொல்லலாம். 100 மில்லிமீற்றர் பெய்து, அந்த அளவு நீர் வழிந்தோடினால் 250 என்பது 230 ஆகும். கூரைத் தண்ணீரும் உள்ளே விழுந்தால் இன்னும் குறையும். பெருமழை பெய்த மறுநாள் நான் சொட்டு மருந்துப் பெட்டியோடுதான் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.