ஒன்டாரியோல சாணித் தொட்டி கட்டப் போறீங்களா? குழி தோண்டுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

டொரான்டோவச் சுத்தி இருக்கிற நம்மாளுங்க சில பேரு இப்ப ஊருக்கு வெளிய நிலம் வாங்கி ஆடு, மாடுன்னு இறங்குறாங்க, ரொம்ப நல்ல விஷயம். கொட்டகை எப்படிக் கட்டுறது, குட்டி எங்க வாங்குறது, கறிக்கு எவ்வளவு வெல கெடைக்கும்னு எல்லாம் நல்லா விசாரிக்கிறாங்க. ஆனா சாணியும் புழுக்கையும் எங்க போகும்னு கேட்டா மட்டும் "அது பின்னாடி ஓரமா குவிச்சுக்கலாம்"னு ஒரே வரியில முடிச்சிடுறாங்க. ஊர்ல வீட்டுக்குப் பின்னாடி ஒரு எருக்குழி இருக்கும், நெறைஞ்சா வண்டி கட்டி வயலுக்கு அடிச்சிடுவோம், அந்தப் பழக்கம்தான். இங்க அது நடக்காது, ஏன்னா டிசம்பர்லேந்து மார்ச் வரைக்கும் நெலம் உறைஞ்சு கெடக்கும், மேல பனி மூடியிருக்கும், அதுல சாணிய எறைச்சா மண்ணுக்குள்ள இறங்காது, பனி உருகும்போது மொத்தமா ஓடைக்குப் போயிடும். அதனால அந்த மாசங்கள்ல எறைக்கிறதுக்கு கடுமையான கட்டுப்பாடு இருக்கு, அவ்வளவு நாளும் சேத்து வெக்க உங்ககிட்ட ஒழுங்கான இடம் இருக்கணும்.

இந்த ரூல் எல்லாம் எங்கேந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுகிட்டா அடுத்து வர்ற நம்பர் எல்லாம் தொல்லையா தெரியாது. 2000 மே மாசம் இதே ஒன்டாரியோல வாக்கர்டன்னு ஒரு சின்ன டவுன், கிட்டத்தட்ட 5,000 பேர் இருக்கிற ஊரு. நாலஞ்சு நாள் தொடர்ந்து பெரிய மழை. பக்கத்துப் பண்ணையில எறைச்சிருந்த சாணத்துலேந்து ஈ.கோலை கிருமி, டவுனுக்குத் தண்ணி குடுக்கிற 5ஆம் நம்பர் கிணத்துக்குள்ள போயிடுச்சு, அது ஆழமில்லாத கிணறு, அடியில வெடிப்பு விட்ட பாறை வேற. குளோரினும் சரியா போடல, சரியா கண்காணிக்கவும் இல்ல. 7 பேர் செத்துப் போனாங்க, 2,300 பேருக்கு மேல நோயில விழுந்தாங்க. நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் நடத்தின விசாரணையில அந்த விவசாயி மேல தப்பு இல்லன்னு தெளிவா சொன்னாங்க, அவர் அன்னைக்கு நல்ல முறைன்னு சொல்லப்பட்டதைத்தான் செஞ்சிருந்தார். ஒழுங்கா பண்ற விவசாயிகிட்டேந்தே இப்படி ஆகும்னா, எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம்னு எழுதி வெச்சே ஆகணும்ல. 2002ல நியூட்ரியன்ட் மேனேஜ்மென்ட் ஆக்ட்னு, சாணி, எருவெல்லாம் எப்படிக் கையாளணும்னு சொல்ற சட்டம் வந்துச்சு, அதுக்குக் கீழ 267/03ங்கிற ரெகுலேஷன் 2003 செப்டம்பர் 30லேந்து அமலுக்கு வந்துச்சு. இனிமே நான் சொல்றது பெரும்பாலும் அதுல இருக்கிறதுதான்.

மொதல்ல உங்க பண்ணை எவ்வளவு பெருசுன்னு கணக்கு போடுங்க. இங்க தலை எண்ணிக்கையில பேசமாட்டாங்க, நியூட்ரியன்ட் யூனிட்னுதான் பேசுவாங்க, அதாவது சாணியில வர்ற உரச் சத்தை வெச்சுப் போடுற அளவு. கறிக்கு வளர்க்கிற பெட்டை ஆடு 8 சேந்தா 1 யூனிட், குட்டிங்க அதுக்குள்ளயே அடக்கம். கறி மாடு கன்னோட சேத்து 1க்கு 1. பெரிய ஹோல்ஸ்டீன் கறவை மாடுன்னா 0.7 மாடே 1 யூனிட், அதாவது 60 மாடு வெச்சிருந்தா 86 யூனிட் பக்கம் வந்துடும். முட்டைக் கோழி 150க்கு 1. இதுல 5 யூனிட்ங்கிறதுதான் முக்கியமான கோடு. அதைத் தாண்டி, கொட்டகையோ சாணி சேக்குற இடமோ பர்மிட் வாங்கிக் கட்டணும்னா, நியூட்ரியன்ட் மேனேஜ்மென்ட் ஸ்ட்ராட்டஜின்னு, எவ்வளவு சாணி வரும், அதை எங்க சேப்பீங்க, அப்புறம் எங்க போகும்னு காட்டுற திட்டம் ஒண்ணு தயார் பண்ணி ஒன்டாரியோ விவசாய அமைச்சகத்துகிட்ட ஒப்புதல் வாங்கணும். 40 ஆட்டோட நிறுத்திக்கிட்டா அந்தக் கோட்டுக்குள்ள இருக்கீங்க. அதுக்காக எதையும் செய்யலாம்னு அர்த்தமில்ல, ஓடையிலயோ கிணத்துலயோ சாணித் தண்ணி போச்சுன்னா ஆடு எத்தனைன்னு கேக்கமாட்டாங்க, மாகாணத்தோட தண்ணிச் சட்டமும் சுற்றுச்சூழல் சட்டமும் எல்லாருக்கும் ஒண்ணுதான், டவுன்ஷிப், அதாவது உள்ளூர் நிர்வாகம், போடுற பைலாவும் தனியா இருக்கும்.

அடுத்து உங்களோடது கெட்டிச் சாணியா, தண்ணிச் சாணியான்னு பாக்கணும், ஏன்னா கட்டுற முறை ரெண்டுக்கும் வேற. காய்ஞ்ச பொருள் 18 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா கெட்டி. லேப்ல குடுக்காமலும் பாக்க ஒரு டெஸ்ட் இருக்கு: கூம்பு மாதிரி அச்சுல சாணிய நெரப்பி கவுத்து, அச்சை மெதுவா மேல தூக்கணும், குவியல் 150 மில்லிமீட்டருக்குள்ள சரிஞ்சு நின்னா கெட்டி, அதுக்கு மேல உக்காந்துட்டா தண்ணிச் சாணிக் கணக்கு. ஆட்டுக்கும் கறி மாட்டுக்கும் வைக்கோல் நிறைய போட்டு வளர்த்தா கெட்டியாத்தான் வரும், காங்கிரீட் தளம், மூணு பக்கம் சுவர்னு வேலை சுலபம். ஆனா கூரை இல்லாம திறந்து விட்டா மழைத் தண்ணி அதுமேல விழுந்து பழுப்பா வழியும் பாருங்க, அந்தத் தண்ணிய எப்படி சமாளிப்பீங்கன்னும் காட்டணும். என்னைக் கேட்டா கூரை போட்டுடுங்க. செலவுதான், ஆனா மழைத் தண்ணி தலைவலி முழுசா போயிடும், எருவும் சத்தோட இருக்கும்.

இப்ப இடம். இதுலதான் நெறைய பேர் மாட்டிக்கிறாங்க, டிராக்டர் திரும்ப வசதியா இருக்குன்னு ஒரு மூலைய மனசுல முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் டேப் எடுத்து அளக்குறாங்க. கிணத்துலேந்து ஆரம்பிங்க. குறைஞ்சது 15 மீட்டர் ஆழம் இருந்து, தரைக்குக் கீழ 6 மீட்டர் வரைக்கும் தண்ணி புகாத கேசிங் (கிணத்துச் சுவரா நிக்கிற குழாய்) எறக்கின போர்வெல்லா இருந்தா 15 மீட்டர் தள்ளி இருக்கணும். மத்த எந்தக் கிணறா இருந்தாலும் 30 மீட்டர். டவுனுக்குத் தண்ணி எடுக்கிற முனிசிபல் கிணறுன்னா 100 மீட்டர். உங்க கிணறு மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்குதான். பழைய பண்ணை வாங்கினவங்க ஒரு வேலை கண்டிப்பா செய்யணும், புல்லுக்குள்ள மூடிக் கெடக்கிற கைவிட்ட கிணறு ஏதாவது இருக்கான்னு நடந்து பாருங்க, மாகாணம் வெச்சிருக்கிற கிணத்து ரெக்கார்டையும் ஆன்லைன்ல தேடிப் பாருங்க. அந்த மாதிரி கிணறு நேரா நிலத்தடித் தண்ணிக்குப் போற குழாய், அதை முறைப்படி மூடியே ஆகணும்.

ஓடை, குளம், வாய்க்கால் விஷயத்துல நேர்கோட்டுத் தூரம் பாக்கமாட்டாங்க, தொட்டி உடைஞ்சா தண்ணி எந்த வழியா ஓடும்ங்கிற பாதைய அளப்பாங்க. அந்தப் பாதை ஓடைக்கரை வரைக்கும் குறைஞ்சது 50 மீட்டர் இருக்கணும். நெலம் எந்தப் பக்கம் சாயுதுன்னு ஒரு பெரிய மழை அன்னைக்குப் போய் நின்னு பாத்தீங்கன்னா எந்த மேப்பும் சொல்லாதது தெரியும். வெள்ளம் வர்ற பகுதிய விட்டுடுங்க, ஆத்துப் பக்கமா இருந்தா அந்த ஏரியாவோட ஆறு, வெள்ளப் பகுதியெல்லாம் பாத்துக்கிற கன்சர்வேஷன் அத்தாரிட்டிகிட்டயும் பர்மிட் கேக்க வேண்டி வரும். டவுனுக்குக் குடிதண்ணி குடுக்கிற கிணத்தோட பாதுகாப்பு வளையத்துக்குள்ள நெலம் விழுந்தா 2006ல வந்த க்ளீன் வாட்டர் ஆக்ட்படி தனி கட்டுப்பாடு இருக்கு, டவுன்ஷிப் ஆஃபீஸ்ல நெலத்து அட்ரஸ் குடுத்துக் கேட்டா சொல்லிடுவாங்க.

தெற்கு ஒன்டாரியோல இன்னொண்ணு இருக்கு, நம்ம ஊர்ல இருந்து வந்தவங்களுக்குப் புதுசா இருக்கும். வயலுக்கு அடியில டைல்னு சொல்ற ஓட்டை போட்ட வடிகால் குழாய் வரிசை வரிசையா பதிச்சிருப்பாங்க, மண்ணுல தேங்குற தண்ணிய அது இழுத்துட்டுப் போய் வாய்க்கால்ல விடும். மேல பாத்தா ஒண்ணுமே தெரியாது. தொட்டியிலேந்து கசியுற சாணித் தண்ணி அந்தக் குழாய்ல மாட்டினா கொஞ்ச நேரத்துல ஓடையில இருக்கும். அதனால தொட்டியச் சுத்தி 15 மீட்டருக்குள்ள எந்த டைலும் இருக்கக் கூடாது, இருந்தா தோண்டி எடுத்துடணும், மேட்டுலேந்து வர்ற லைனை சுத்தி வேற வழியா திருப்பணும். அமைச்சகத்தோட ஆன்லைன் மேப்ல டைல் போட்ட இடம் காட்டும், ஆனா ரொம்பப் பழசா பதிச்சது அதுல இல்லாம போகலாம். கட்டப் போற இடத்தச் சுத்தி ஒரு பள்ளம் வெட்டிப் பாத்துடுறது நல்லது.

பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நாத்தம் போகாம இருக்க எம்.டி.எஸ்.னு ஒரு ஃபார்முலா இருக்கு, குறைந்தபட்ச இடைவெளிக் கணக்கு. என்ன மிருகம், எத்தனை, பண்ணைய எவ்வளவு பெருசாக்குறீங்க, சாணி கெட்டியா தண்ணியா, மூடி இருக்கா திறந்திருக்கான்னு எல்லாத்தையும் போட்டா இத்தனை மீட்டர்னு வரும். தனி வீடு ஒண்ணுன்னா ஒரு தூரம், பள்ளிக்கூடம், குடியிருப்புன்னு ஆள் கூடுற இடம்னா அதுக்கு ரெண்டு மடங்கு. கொட்டகைக்கு ஒரு தூரம், சாணித் தொட்டிக்குத் தனியா ஒரு தூரம், ரெண்டையும் பாக்கணும். இப்ப நடப்புல இருக்கிற ஃபார்முலா 2017 மார்ச் 1லேந்து வந்தது, இதைப் பாக்கிறது மாகாணம் இல்ல, உங்க டவுன்ஷிப். கொஞ்சமா இடிக்குதுன்னா மைனர் வேரியன்ஸ்னு ஒரு சின்ன விதிவிலக்கு கேட்டு மனு போடலாம், ஆனா அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்கே போய் ஒரு டீ குடிச்சுட்டு என்ன கட்டப் போறோம்னு நேர்ல சொல்லிடுங்க, நோட்டீஸ் வந்துதான் அவங்களுக்குத் தெரியணும்னு விடாதீங்க.

இப்ப அளவு. குறைஞ்சது 240 நாளுக்குச் சேர்ற எல்லாத்தையும் அது தாங்கணும். எல்லாம்னா சாணி மட்டும் இல்ல, வைக்கோல், கறவை இடம் கழுவுற தண்ணி, மேல விழுற மழை, பனி எல்லாமே. ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். 60 ஹோல்ஸ்டீன், ஒண்ணுக்கு ஒரு நாளைக்குச் சாணியும் மூத்திரமும் சேந்து 70 லிட்டர்னு வெச்சா 240 நாளுக்கு 1,008 கன மீட்டர். கழுவுற தண்ணி மாட்டுக்கு 20 லிட்டர்னா 288. 24 மீட்டர் விட்டத்துல திறந்த வட்டத் தொட்டி, அதோட பரப்பு 452 சதுர மீட்டர், அதுல 600 மில்லிமீட்டர் மழை விழுந்தா 271. மொத்தம் 1,567 கன மீட்டர். தொட்டி 3.6 மீட்டர் ஆழம்னா 1,627 புடிக்கும், அப்பாடா போதும்னு தோணும். போதாது. திறந்த தொட்டியில மேல 0.3 மீட்டர் எப்பவும் காலியா விடணும், அது ரூல், அந்த ஒரு அடியிலயே 136 கன மீட்டர் போயிடுது, மிச்சம் 1,491தான். 4.2 மீட்டர் ஆழம் போனா அந்த 0.3 மீட்டர் போக 1,764 வரும், சரியா இருக்கும். இல்லன்னா மூடி போட்டு மழைய வெட்டிடலாம். ஆட்டுக்காரங்களுக்கு இவ்வளவு பெரிய கணக்கு இல்ல, கொட்டகைக்குள்ளயே வைக்கோல் மேல வைக்கோலா போட்டு சேர்ற மெத்தையும் 240 நாள் கணக்குல வரும், ஆனா அதை ஸ்ட்ராட்டஜியில எழுதிக் காட்டியிருக்கணும்.

தண்ணிச் சாணித் தொட்டின்னா இஞ்சினியர் இல்லாம நடக்காது. மொதல்ல மண்ணைத் தோண்டி டெஸ்ட் பண்ணி, களிமண் எவ்வளவு, பாறை எவ்வளவு ஆழத்துல இருக்கு, தண்ணி மட்டம் எங்கன்னு ரிப்போர்ட் எடுக்கணும், அதை லைசென்ஸ் உள்ள இஞ்சினியரோ நிலவியலாளரோதான் செய்யணும். அதை வெச்சுத்தான் காங்கிரீட்டா, மண் கரை போதுமா, கசியாம இருக்க உள்ள விரிக்கிற லைனர் வேணுமான்னு முடிவாகும். அஸ்திவாரத்தச் சுத்திப் போடுற வடிகால் பைப்பை நேரா கொண்டுபோய் வாய்க்கால்ல விடக் கூடாது, நடுவுல ஒரு பார்வைக் குழி வெச்சு அதுல அடைக்கிற வால்வும் போடணும். அப்பப்ப மூடியத் தொறந்து பாருங்க, தெளிஞ்ச தண்ணி வந்தா சரி, பழுப்பு நிறமோ நுரையோ நாத்தமோ வந்தா வால்வை மூடிட்டு இஞ்சினியருக்கு ஃபோன் போடுங்க. எனக்குத் தெரிஞ்சு இந்த ஒரு சின்னக் குழிதான் கசிவை முதல்ல காட்டிக் குடுக்கும், இதுல காசு மிச்சம் புடிக்காதீங்க.

பேப்பர் வேலை போற வரிசை இதுதான். இடத்தையும் எம்.டி.எஸ். தூரத்தையும் டவுன்ஷிப்கிட்ட முதல்ல பேசி வெச்சுக்கோங்க. அப்புறம் மண் டெஸ்ட், டிசைன். அப்புறம் ஸ்ட்ராட்டஜி, இதைச் சர்டிஃபிகேட் வாங்கின கன்சல்டன்ட் போட்டுக் குடுப்பாரு, இல்ல நீங்களே அந்தக் கோர்ஸ் முடிச்சு உங்க பண்ணைக்கு மட்டும் போட்டுக்கலாம், அதுக்கு அமைச்சகத்தோட அக்ரிசூட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. ஒப்புதல் கைக்கு வந்தப்புறம்தான் டவுன்ஷிப் பில்டிங் பர்மிட் குடுக்கும், அது இல்லாம குடுக்க அவங்களுக்கே அதிகாரம் இல்ல. ஒப்புதல் வர்ற வரைக்கும் பேக்ஹோக்காரருக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க, ஒரு கிணத்துக்காக இடம் பத்து மீட்டர் நகர்ந்தாலும் டிசைன் முழுக்க மாறும். குளிர் ஆரம்பிக்கிறதுக்குள்ள காங்கிரீட் ஊத்தி முடிக்கணும்னா இந்த வேலைய எல்லாம் முந்தின குளிர்காலத்துலயே ஆரம்பிச்சிடுங்க.

கட்டி முடிச்சதும் வேலியும் எச்சரிக்கைப் பலகையும் போடாம ஒரு நாள்கூட விடாதீங்க, மேல படிஞ்சு காயுற ஏடு கெட்டித் தரை மாதிரியே இருக்கும், குழந்தைங்க ஏறி நடந்திடும். அப்புறம் வருஷா வருஷம் தொட்டியக் கலக்கி உறிஞ்சுற நாள்தான் ரொம்ப ஆபத்தான நாள். கலக்க ஆரம்பிச்சதும் ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயு மொத்தமா மேல வரும், காத்தை விட கனமானது, பள்ளத்துல தேங்கி நிக்கும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அதிகமாயிட்டா மூக்கு மரத்துப் போயி நாத்தமே தெரியாது. அதனால நாத்தம் இல்லன்னு நம்பி யாரும் தொட்டிக்குள்ளயோ, கொட்டகைக்கு அடியில இருக்கிற குழிக்குள்ளயோ இறங்கக் கூடாது, பம்ப் அடைச்சிருந்தாலும் சரி, ஃபோன் விழுந்தாலும் சரி. உள்ள ஒருத்தர் மயங்கி விழுந்தா தூக்கப் போறேன்னு மூச்சுக் கருவி இல்லாம பின்னாடியே குதிக்காதீங்க, அப்படித்தான் ஒரே வீட்டுல ரெண்டு மூணு பேர் போறாங்க. 911க்கு அடிச்சு சாணித் தொட்டி, வாயுன்னு தெளிவா சொல்லுங்க. கலக்குற அன்னைக்கு கொட்டகையில ஜன்னல், ஃபேன் எல்லாம் முழுசா தொறந்துட்டு, முடிஞ்சா ஆடு மாட்டை வெளிய ஓட்டிட்டு, காத்து நல்லா வீசுற நாளாப் பாத்து ஆரம்பிங்க.