பிள்ளைக்கு முதல் மான் வேட்டைத் துப்பாக்கி: நான் செய்த தவறும் மற்றவர்கள் செய்வதும்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சீருடை எடுத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வசனம் மறக்காது: "வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெரிசாவே எடுங்க." கால்சட்டையை உள்ளே மடித்துத் தைத்தால் இரண்டு வருடம் ஓடும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு துப்பாக்கிக் கடையில் நானும் அதே கணக்கைப் போட்டேன். மகளுக்கு அப்போது பத்து வயது. பெரியவர்கள் அளவு ரைஃபிள் ஒன்றைக் காட்டி, "இதுவே இருக்கட்டும், வளர்ந்துவிடுவாள்" என்றேன். கடைக்காரரும் மறுக்கவில்லை. அந்தத் துப்பாக்கியால் அவள் மூன்று முறை சுட்டாள். நான்காவது முறை கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தாள். அதற்கப்புறம் ஒன்பது மாதம் சுடுதளத்துப் பக்கமே வர மறுத்துவிட்டாள்.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மானைச் சுடுவது என்றால் சிறைதான். அந்த நினைப்போடு வந்தவர்களுக்கு அமெரிக்காவில் மான் வேட்டை நடக்கும் நவம்பர் மாதம் விசித்திரமாகத் தெரியும். 1900 வாக்கில் சில லட்சங்களாகச் சுருங்கிப்போன வெள்ளைவால் மான்கள் இன்று கோடிக்கணக்கில் இருக்கின்றன. எத்தனை மானை எடுக்கலாம், எந்த நாளில் எடுக்கலாம் என்பதை மாநில அரசே உரிமம் கொடுத்து முடிவு செய்கிறது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் 11 சதவீத வரி காட்டுயிர்ப் பராமரிப்புக்கே போகிறது. பென்சில்வேனியாவின் கிராமப்புறங்களில் மான் பருவத்துக்காகப் பள்ளிக்கூடத்துக்கே லீவு விடும் வழக்கம் உண்டு. இங்கே பிள்ளைகள் அப்பாவோடும் தாத்தாவோடும் காட்டுக்குப் போவது சாதாரண விஷயம். அதனால் "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" என்ற கேள்வியும் சைக்கிள் வாங்குவது போலவே கேட்கப்படுகிறது. பதில்தான் அத்தனை சாதாரணமாக இருக்கக் கூடாது.

வளர்ந்துவிடுவான் என்று பெரிதாக எடுப்பது

துப்பாக்கியில் அளவு என்றால் குழலின் நீளத்தைச் சொல்லவில்லை. தோளில் பதியும் கட்டையின் பின் நுனியிலிருந்து விசை வரை உள்ள தூரம்தான் அளவு. பெரியவர்களுக்கான ரைஃபிளில் இது பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்தைத் தாண்டும். பத்து வயதுக் குழந்தைக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டரை அங்குலம் போதும். ஒரு அங்குலத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

கட்டை நீளமாக இருந்தால் பிள்ளை விசையை எட்டுவதற்காக உடம்பைப் பின்னால் சாய்க்கும். சாய்ந்ததும் குழல் முன்னால் தொங்கும். தூக்கிப் பிடிக்க முடியாமல் கட்டையைத் தோள் குழியிலிருந்து கையின் மேல்தசைக்கு நகர்த்திவிடும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் தள்ளும் உதை அங்கே விழுந்தால் நீலம் பாரித்துப் போகும். கழுத்தையும் நீட்ட வேண்டியிருப்பதால் கண் ஸ்கோப்புக்கு, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு, நேராக நிற்காது. இத்தனையும் சேர்ந்தால் குறி எங்கே விழும்?

வீட்டிலேயே பார்த்துவிடலாம். குண்டு இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். பிள்ளையின் முழங்கையை மடக்கி, மடிப்பில் கட்டையின் நுனியை வைத்தால், சுட்டுவிரலின் முதல் மடிப்பு விசையைச் சிரமமில்லாமல் தொட வேண்டும். முக்கியமாக, இதைக் குளிர்கால ஜாக்கெட் போட்டுப் பாருங்கள். ஆகஸ்டில் டி-ஷர்ட்டோடு சரியாக இருந்த கட்டை, நவம்பரில் தடித்த ஜாக்கெட்டுக்கு மேல் ஒரு அங்குலம் நீண்டுவிடும். சந்தேகமாக இருந்தால் குட்டையானதையே எடுங்கள். குட்டைக் கட்டையை வைத்துப் பெரியவர்கூடச் சமாளித்துச் சுடலாம்; நீளமான கட்டையோடு சிறுவனால் முடியாது.

வளரும் பிள்ளைக்கு வழியில்லாமல் இல்லை. மாஸ்பெர்க் பேட்ரியட்டின் சிறுவர் மாடலில் கட்டையின் பின்னால் தகடு சேர்த்து நீளத்தைக் கூட்டலாம். ரூகர் அமெரிக்கனின் காம்பாக்ட் மாடல் பன்னிரண்டரை அங்குலத்தில் வருகிறது. பிறகு பெரிய கட்டை தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். சீருடையில் விளிம்பு மடிப்பைப் பிரித்துவிடுவது போலத்தான்.

எடை குறைந்தால் நல்லது என்று நம்புவது

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது ஐந்தரை பவுண்டு ரைஃபிள் பூப்போல இருக்கும். "பாவம், குழந்தை, எப்படித் தூக்கும்?" என்று அதையே எடுத்துவிடுவோம். ஆனால் அதே தோட்டாவை எட்டு பவுண்டுத் துப்பாக்கியிலும் ஆறு பவுண்டுத் துப்பாக்கியிலும் சுட்டால், ஆறு பவுண்டுத் துப்பாக்கி மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தியோடு உதைக்கும். தூக்குவதற்கு இலேசானது, சுடுவதற்குக் கனமானது.

காட்டில் துப்பாக்கியை எவ்வளவு நேரம்தான் தூக்கப் போகிறார்கள்? பெரும்பாலும் மறைப்புக் கூடாரத்தில் உட்கார்ந்து, முக்காலியில் குழலைச் சாய்த்து வைத்துத்தான் சிறுவர்கள் சுடுகிறார்கள். நடக்கும்போது, குண்டை எடுத்துவிட்டு, அப்பா தூக்கிக்கொண்டு போகலாம். ஆறரை, ஏழு பவுண்டு இருந்தால் எனக்குத் திருப்தி.

தோட்டாவை ஆண்மைக் கணக்கில் பார்ப்பது

இங்கேதான் அப்பாக்கள் அதிகம் சறுக்குகிறார்கள். (.30-06, .243 என்பவையெல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள்.) "நான் .30-06 வைத்துத்தான் ஆரம்பித்தேன், அவனுக்கு என்ன?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஏழரை பவுண்டுத் துப்பாக்கியில் .243 வின்செஸ்டர் ஏறக்குறைய 10 அடி-பவுண்டு சக்தியோடு உதைக்கும். 7 மி.மீ.-08 ரெமிங்டனும் 6.5 கிரீட்மோரும் 12, 13. .308 வின்செஸ்டர் 17 வாக்கில். .30-06 இருபதைத் தொடும். .300 வின்செஸ்டர் மேக்னம் இருபத்தைந்தைத் தாண்டும். முப்பது கிலோ எடையுள்ள குழந்தையின் தோளில் இதை வைத்துப் பாருங்கள்.

வலியைவிட மோசமானது அது விட்டுச் செல்லும் பழக்கம். ஒருமுறை பயந்த உடம்பு, அடுத்த முறை வெடிக்கும் முன்பே சுருங்கும். கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குண்டு எங்கோ போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரு தந்திரம் உண்டு: நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே பிள்ளைக்குத் தெரியாமல் மருந்தே இல்லாத ஒரு போலித் தோட்டாவைப் போட்டுக் கொடுங்கள். விசையை இழுத்ததும் வெடிக்காது. ஆனால் குழல் முனை குதித்தால் பயம் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். என் மகளின் குழல் முனை ஒரு சாண் கீழே போனது.

.308 தோட்டா 1952-இல் வந்தது. மருந்து அடைத்த அதன் உலோகக் கூட்டின் கழுத்தைக் குறுக்கி 1955-இல் .243 வந்தது, அவ்வளவு குறுக்காமல் 1980-இல் 7 மி.மீ.-08 வந்தது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள், குணம்தான் வேறு. என் தேர்வு இந்தத் தம்பிகள் இருவரில் ஒருவர், 6.5 கிரீட்மோரிலும் தவறில்லை. .243-இல் உதை மிகக் குறைவு. ஆனால் அதில் குண்டும் சிறிது, குறி பிசகினால் மன்னிக்காது. மானுக்கு 90 முதல் 100 கிரெயின் எடையுள்ள, மானுக்கென்றே செய்த குண்டு வேண்டும். அதே பெட்டி வரிசையில் 55, 58 கிரெயினில் இருப்பது நரி போன்ற சின்ன விலங்குகளுக்கானது. மானின் தோள் எலும்பில் பட்டதும் சிதறிவிடும். விலை குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கி, காயப்பட்ட மானை ராத்திரி முழுக்கத் தேடியவர்களை எனக்குத் தெரியும். பிள்ளை அழுதுகொண்டே கூட நடந்தால் அந்த ராத்திரி இன்னும் நீளும்.

வீட்டில் ஏற்கெனவே .308 இருந்தால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. உதை குறைந்த தோட்டாக்கள் கிடைக்கின்றன. ஹார்னடியின் கஸ்டம் லைட் அந்த வகை.

மாநில விதியைப் பிறகு பார்க்கலாம் என்பது

உதை குறைவு என்பதற்காக .223 வாங்குபவர்கள் உண்டு. விஸ்கான்சினில் அதற்கு அனுமதி உண்டு. வர்ஜீனியாவில் .23 அங்குலத்துக்குக் குறைந்த விட்டமுள்ள குழல் மானுக்குக் கூடாது, கொலராடோவில் .24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒஹையோவில் இன்னொரு கதை: அங்கே கழுத்து ஒடுங்காத, நேரான கூடு கொண்ட தோட்டாக்கள்தான் செல்லும். அதாவது நான் மேலே புகழ்ந்த .243 அங்கே மானுக்கு உதவாது. 2019-இல் வந்த .350 லெஜண்ட் இப்படிப்பட்ட மாநிலங்களை மனதில் வைத்துச் செய்ததுதான். உதையும் மிதம், சிறுவர்களுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. பென்சில்வேனியாவில் அரைத் தானியங்கி (semi-automatic) ரைஃபிளை மானுக்குப் பயன்படுத்த முடியாது. கடைக்காரர் விற்பதாலேயே அது உங்கள் காட்டில் செல்லும் என்று எண்ண வேண்டாம்.

நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. ஹெச்-1பி, ஹெச்-4 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விலக்கு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நண்பர் அழைத்தார் என்று உரிமம் இல்லாமல் சுடுதளத்துக்குப் போய் ஆசைக்கு இரண்டு ரவுண்டு சுட்டு, படத்தை முகநூலில் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே இறங்குங்கள்.

அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு ரைஃபிள் விற்க முடியாது. படிவத்தில் கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. "அது என் துப்பாக்கி" என்று பிள்ளை பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அது இருக்க வேண்டிய இடம் பூட்டிய இரும்புப் பெட்டி, தோட்டா வேறொரு பூட்டில், சாவி உங்களிடம். பிள்ளையின் அறைச் சுவரில் மாட்டி வைப்பது படத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

தாத்தாவின் லீவர் துப்பாக்கி

கீழே உள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் .30-30 லீவர் ரைஃபிளை முதல் துப்பாக்கியாகக் கொடுப்பது இங்கே ஒரு குடும்பச் சடங்கு. குட்டையானது, உதையும் அதிகமில்லை. ஆனால் பழைய மாடல்களில் தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டி தனியாகக் கிடையாது. சுடாமல் விட்டால், மேலே நிற்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, விசையை இழுத்து, மெதுவாக இறக்க வேண்டும். குளிரில் விறைத்த சின்ன விரலிலிருந்து சுத்தியல் வழுக்கினால் துப்பாக்கி வெடிக்கும். பதின்மூன்று, பதினான்கு வயது வரை அதைத் தள்ளிப்போடுவது நல்லது. தாத்தாவிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

ஸ்கோப், காது, கண்

பணம் இருக்கிறதே என்று 4 முதல் 16 மடங்கு பெருக்கும் ஸ்கோப் வேண்டாம். அறுபது கஜத்தில் நிற்கும் மானைப் பெரிதாக்கினால் பழுப்பு மயிர் மட்டும் தெரியும். பிள்ளை மானைத் தேடி முடிப்பதற்குள் மான் போய்விடும். 2-7 அல்லது 3-9 போதும், அதையும் குறைந்த பெருக்கத்தில் வைத்துக் கொடுங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே நாலு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். அப்பாவின் கண்ணுக்கு ஏற்ப மாட்டிய ஸ்கோப், பிள்ளையின் புருவத்தைப் பிறை வடிவில் வெட்டிவிடும். மாட்டும்போது பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும்.

ரைஃபிள் வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே ஒரு வெடி போதும் செவியைக் கெடுக்க. பல பிள்ளைகள் பயப்படுவது உதைக்கு இல்லை, சத்தத்துக்கு. காதுக்குள் அடைப்பான், மேலே காது மூடி, இரண்டும் போடுங்கள். மூடி தடிமனாக இருந்தால் கட்டையில் இடித்துத் தலையைத் தூக்க வைக்கும், மெல்லியதாக வாங்குங்கள். உதையைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் பிரேக் உதையைக் குறைக்கும், ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் அள்ளி வீசும்.

வலது கைப் பிள்ளைக்கு இடது கண் ஆதிக்கமாக இருக்கலாம். இரு கைகளாலும் சின்ன ஓட்டை அமைத்து, இரு கண்ணும் திறந்தபடி தூரத்துப் பொருளைப் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணுக்குப் பொருள் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான். இதை வாங்குவதற்கு முன் பாருங்கள்; தோட்டா ஏற்றும் கைப்பிடி இடப்பக்கம் உள்ள போல்ட் துப்பாக்கிகள் இடது கைக்காரருக்கென்றே கிடைக்கின்றன.

வாங்கிய வாரமே காட்டுக்கு

என் மகள் திரும்பி வந்தது .22 மூலமாக. உதை என்று சொல்லவே ஒன்றும் இல்லாத அந்தச் சின்னத் துப்பாக்கியால் ஒரு கோடைகாலம் முழுக்க டப்பாக்களைச் சுட்டாள். அதை மானுக்குப் பயன்படுத்த இங்கே அனுமதி இல்லை, பழகத்தான். அப்புறம் குட்டைக் கட்டை போட்ட .243. ஸ்கோப்பைக் குறிக்குக் கொண்டுவரும் இருபது, முப்பது வெடிகளை நான் சுட்டேன். அவளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து தோட்டாதான். இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே பெட்டியை மூடிவிடுவேன்.

தூரத்தை முடிவு செய்தது பேப்பர் தட்டு. எட்டு அங்குலத் தட்டு ஏறத்தாழ மானின் இதய, நுரையீரல் பகுதி அளவு. முக்காலியில் சாய்த்து ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழும் தூரம்தான் அவளுடைய எல்லை. முதல் வருடம் எழுபது கஜம். எண்பதில் ஒரு பெரிய கொம்பு மான் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், நான் தலையை ஆட்டிவிட்டேன். விஸ்கான்சினில் 2017 முதல் வழிகாட்டியோடு வேட்டையாடக் குறைந்தபட்ச வயது இல்லை. ஆனால் வழிகாட்டி கை எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். அன்றைக்கு என் கை அவள் தோளிலேயே இருந்தது.

இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. .243-க்குப் பெரிய கட்டை மாட்டியாகிவிட்டது. கழற்றிய சின்னக் கட்டை கராஜில் ஒரு பையில் கிடக்கிறது. தம்பிக்கு எட்டு வயது. போன வாரம் யாரும் சொல்லாமலே அதை எடுத்து முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு அங்குலம் இருக்கிறது.