பி-சைடு தொகுப்புகளின் விமர்சனங்களை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ராக் குழு தன் பழைய சிங்கிள்களின் (ஒரு முக்கியப் பாடலை முன்வைத்துத் தனியாக வெளியிடும் சிறு இசைத்தட்டுகளின்) பின்பக்கப் பாடல்களை, அதாவது பி-சைடுகளை, திரட்டி வெளியிட்டால், அதற்கு வரும் விமர்சனத்தைப் புது ஆல்பத்தின் விமர்சனம் போலவே பலரும் படிக்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. பிரிட்டிஷ் ராக் குழுவான ஒயாசிஸ் 1998 நவம்பரில் வெளியிட்ட பி-சைடு தொகுப்பு 'த மாஸ்டர்பிளான்' இதற்கு நல்ல உதாரணம்.

அதற்குக் கிடைத்த பாராட்டைத் தேதி பார்க்காமல் படிப்பதுதான் முதல் தவறு. 1997 ஆகஸ்டில் ஒயாசிஸின் முந்தைய ஆல்பமான 'பி ஹியர் நவ்' வந்தபோது பிரிட்டிஷ் பத்திரிகைகள் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. கொஞ்ச நாளிலேயே பேச்சு மாறியது. பாடல்கள் தேவைக்கு மேல் நீளம், கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கிவிட்டார்கள் என்றார்கள். அதிலுள்ள 'ஆல் அரவுண்ட் த வேர்ல்ட்' பாடல் மட்டுமே ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். அந்த ஏமாற்றம் ஆறாத நேரத்தில்தான் 'த மாஸ்டர்பிளான்' வந்தது. அதனால் 'முந்தைய ஆல்பத்தைவிட இது மேல்' என்ற தீர்ப்பில் பாதி, முந்தைய ஆல்பத்தின் மீதான கோபம். பாராட்டு பொய் என்று சொல்லவில்லை. யாரோடு ஒப்பிட்டுச் சொன்னது என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது, 1998இல் வந்ததால் இதை 1998இன் ஒயாசிஸ் என்று நினைப்பது. இதிலுள்ள 14 பாடல்களில் 11 பாடல்கள் 1994, 1995 ஆண்டுகளின் சிங்கிள்களில் வந்தவை. 1997இன் சிங்கிள்களிலிருந்து 'ஸ்டே யங்', 'கோயிங் நோவேர்' என இரண்டே பாடல்கள். குழு பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது என்று இதைக் கேட்டு யாராவது மகிழ்ந்திருந்தால், அவர்கள் கேட்டது பெரும்பாலும் மூன்று, நான்கு வருடம் முந்தைய வேகத்தை.

பி-சைடு என்றாலே கழித்துப்போட்ட சரக்கு என்று எடுத்துக்கொள்வது, என் பார்வையில், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. அப்போது பிரிட்டனில் ஒரு சிடி சிங்கிளில் பொதுவாக மூன்று நான்கு பாடல்கள் இருக்கும். ஒவ்வொரு சிங்கிளுக்கும் இரண்டு மூன்று பாடல்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன. குழுவின் கிட்டார் கலைஞரும் முதன்மைப் பாடலாசிரியருமான நோயல் கேலகர் அந்தக் காலத்தில் எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார். 'சம் மைட் சே' என்ற ஒரே சிங்கிளில் 'அக்வியஸ்', 'டாக் டுனைட்', 'ஹெட்ஷ்ரிங்கர்' மூன்றும் இருந்தன. தொகுப்பின் தலைப்புப் பாடலான 'த மாஸ்டர்பிளான்', 'வொண்டர்வால்' சிங்கிளின் பின்பக்கத்தில் வந்தது. 'ஹாஃப் த வேர்ல்ட் அவே' பிறகு 'த ராய்ல் ஃபேமிலி' என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையானது. 'டாக் டுனைட்' பிறந்தது 1994 அமெரிக்கப் பயணத்தில், நோயல் குழுவை விட்டுக் கிளம்பிப்போன நாட்களில். ஸ்டேடியம் நடுங்கப் பாடும் குழுவிடம் இவ்வளவு தனிமை இருந்ததை ஆல்பங்கள் மட்டும் கேட்டவர்கள் அறிந்திருக்க வழியில்லை. இப்படிப்பட்ட பாடல்களை மிச்சம் மீதி என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியாது.

விமர்சகர் எந்த ஊரிலிருந்து எழுதுகிறார் என்பதும் முக்கியம். பிரிட்டிஷ் ரசிகரின் அலமாரியில் இந்த சிங்கிள்கள் ஏற்கெனவே இருந்தன. 'புதிதாக ஒன்றுமில்லை' என்று அவர் சொன்னால் நியாயம். அமெரிக்காவில் பலருக்கு இவை இறக்குமதிக் கடையில் கூடுதல் விலைக்குக் கிடைத்தவை. அங்கே அதே வாக்கியம் பொருந்தாது.

'பாடல்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை' என்ற குறையையும் யோசித்துத்தான் ஏற்க வேண்டும். அமெரிக்க ராக் குழுவான நிர்வாணா 1992 டிசம்பரில் வெளியிட்ட 'இன்செஸ்டிசைட்' தொகுப்பில் வெவ்வேறு டிரம்மர்கள் வாசித்த பதிவுகள், பிபிசி பதிவுகள், வேஸலீன்ஸ், டீவோ குழுக்களின் பாடல்கள் எல்லாம் கலந்திருக்கும். அதை அவர்களின் புகழ்பெற்ற ஆல்பமான 'நெவர்மைண்ட்'டுக்கு அடுத்த ஆல்பமாக நினைத்து அளந்தால் சிதறலாகத்தான் தெரியும். ஒரு குழு தன் ஒலியைத் தேடி அலைந்த தடமாகக் கேட்டால், அந்தச் சிதறலே அதன் சுவை.

அப்புறம், விடுபட்ட பாடல்கள். 'த மாஸ்டர்பிளான்' தொகுப்பில் 'ரவுண்ட் ஆர் வே' என்ற பி-சைடு இல்லை. ரசிகர்களுக்கு இன்றும் அந்த மனக்குறை உண்டு, எனக்கும்தான். ஆனால் அது தேர்வு பற்றிய குறை. உள்ளே இருக்கும் 14 பாடல்களின் தரத்தை அதை வைத்துக் குறைக்கக் கூடாது.