சத்து மாத்திரை வாங்குமுன்

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சத்து மாத்திரை கேட்டு வருபவரிடம் முதலில், "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?" என்றுதான் கேட்பேன். சாளைக் குழம்பு, முருங்கைக்கீரை, தயிர், உளுந்தங்களி என்று பதில் வந்தால் மாத்திரையை எடுத்துக் கொடுக்க மனம் வருவதில்லை. நோயில்லாத உடம்புக்குப் பெரும்பாலும் அந்தச் சாப்பாடே போதும்.

பி, சி வைட்டமின்கள் மிஞ்சினால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். மாத்திரை விழுங்கியபின் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாவது பி2வால்தான். ஏ, டி அப்படியல்ல, உடம்பில் தங்கிவிடும். ஏ அளவு மீறினால் கல்லீரல் கெடும். உடம்பில் ஏ வைட்டமினாக மாறும் பீட்டா கரோட்டின் மாத்திரையைப் புகைபிடிப்பவர் தொடவே கூடாது. நுரையீரல் புற்றுநோய் அபாயத்தை அது கூட்டுகிறது.

தேவைப்படுபவர்களும் உண்டு. பிள்ளைக்குத் திட்டமிடும் பெண்ணுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பால்கூடத் தொடாத சைவருக்கு பி12. சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் பி12 அளவை ரத்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

களைப்புக்கு மட்டும் நீங்களாக எதுவும் வாங்காதீர்கள். போன மாதம் சுத்தமல்லி அக்கா ஒருவர் டானிக் கேட்டார். கொடுக்காமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 8தான், ரொம்பக் குறைவு. இப்போது மருத்துவர் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.